இடுப்பு அழற்சி நோயின் நீண்டகால விளைவுகள்

இடுப்பு அழற்சி நோய் என்பது பெண்ணின் கருப்பை, கருக்குழாய்கள் (பெலோப்பியன் குழாய்கள்), சூலகங்கள், அவற்றைச் சூழ்ந்துள்ள வயிற்றறை உறை ஆகியவற்றில் நுண்ணுயிர்த் தொற்றினால் உண்டாகும் அழற்சி ஆகும். யோனியிலும் கருப்பை வாயிலும் தங்கிய நுண்ணுயிர்கள் மேலேறுவதால் இது பெரும்பாலும் ஏற்படுகின்றது. தொற்றை இரண்டு வார மருந்தினால் ஒழிக்க இயலும். ஆனால் தொற்று விட்டுச்செல்லும் வடுவை எந்த மருந்தாலும் நீக்க இயலாது. குழந்தைப்பேறின்மை, கருக்குழாய்க் கர்ப்பம், நாட்பட்ட அடிவயிற்று வலி என்னும் மூன்றும் அவ்வடுவின் விளைவுகளே. நோய் வந்த ஆண்டில் இவை தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நோயைப் போல வெளிப்படுவதால், முதற்காரணம் பலருக்குத் தெரியாமலே போகின்றது.

பெயர்

தமிழில் இடுப்பு என்னும் சொல் இடையையும், முதுகின் கீழ்ப்பகுதியையும், இடுப்பெலும்பையும் ஒருங்கே குறிக்கும். மருத்துவ நூல்கள் குறிப்பிடும் இடமோ இடுப்பெலும்புகளுக்கு நடுவேயுள்ள கிண்ணம் போன்ற குழியாகும். கருப்பையும் சிறுநீர்ப்பையும் மலக்குடலின் கீழ்ப்பகுதியும் இக்குழியில் உள்ளன. ஆகவே இந்நோயின் வலி தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றின் இரு பக்கங்களிலும் உணரப்படும். முதுகுப்புற வலி சில வேளைகளில் உடன் வரலாம். பெயரைக் கேட்டு இதனை எலும்பு அல்லது தசை நோயாகக் கருதுவது தவறு. இடுப்புக்குழி அழற்சி என்ற வழக்கு இவ்வகையில் பொருத்தமானது.

தொற்று மேலேறும் வழி

கருப்பை வாயில் சுரக்கும் கெட்டியான சளி இயல்பாகவே ஒரு தடுப்பாக அமைகின்றது. மாதவிடாய், மகப்பேறு, கருக்கலைப்பு, கருப்பையினுள் கருவி செலுத்துதல் ஆகிய வேளைகளில் இத்தடுப்பு தளர்கின்றது. பாலுறவால் பரவும் கிளமிடியா, கொனோரியா (நாட்டு வழக்கில் வெட்டைநோய்) ஆகிய இரண்டு நுண்ணுயிர்களும் இந்நோய்க்கு நன்கறியப்பட்ட காரணிகள் ஆகும். இவையன்றி, யோனியில் இயல்பாக வாழும் சில நுண்ணுயிர்களும் சமநிலை குலையும்போது மேலேறுகின்றன. தூய்மையற்ற முறையில் செய்யப்பட்ட மகப்பேறும் கருக்கலைப்பும் இந்தியாவில் நெடுங்காலம் முதன்மைக் காரணங்களாக இருந்தன. 1971 ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் தகுதியுள்ள மருத்துவரிடம் கருக்கலைப்புச் செய்துகொள்ள வழிவகுத்தது. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. எனவே வீட்டு மகப்பேற்றால் வந்த தொற்று இங்கு அருகிவிட்டது எனலாம். பாலுறவுத் தொற்றும் கருக்கலைப்பை அடுத்த தொற்றும் அவ்வாறு மறைந்துவிடவில்லை.

மணமான பெண்ணுக்குக் கணவனிடமிருந்தே தொற்று வரலாம் என்பதை மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. நியூயார்க்கில் பணியாற்றிய எமில் நோகராத் என்ற மருத்துவர், ஆணிடம் மறைந்திருக்கும் வெட்டைநோய் மனைவியைக் குழந்தைப்பேறற்றவள் ஆக்குகின்றது என 1872 ஆம் ஆண்டில் எழுதினார். அக்கருத்தை அன்றைய மருத்துவர் பலர் மறுத்தனர். ஏழாண்டுகளுக்குப் பின், 1879 இல், ஆல்பர்ட் நைசர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். கிளமிடியாவின் பங்கு 1970களிலேயே தெளிவாயிற்று. இது பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியையும் காட்டாமல் இருப்பது அத்தாமதத்துக்கு ஒரு காரணம் ஆகும்.

கருக்குழாயில் நிகழ்வது

கருக்குழாய் ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுடையது. கருப்பையை ஒட்டிய பகுதியில் அதன் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவே. உட்சுவரில் நுண்ணிய குற்றிழைகள் அடர்ந்துள்ளன. இவை ஓயாமல் அசைந்து முட்டையைக் கருப்பையை நோக்கி நகர்த்துகின்றன. கருவுறுதல் குழாயினுள்ளேயே நிகழ்கின்றது. கருவுற்ற முட்டை கருப்பையை அடைய மூன்று, நான்கு நாட்கள் ஆகும்.

தொற்று ஏற்படும்போது உட்சுவரின் செல்கள் அழிந்து குற்றிழைகள் உதிர்கின்றன. கிளமிடியா தொற்றில் கிருமியைக் காட்டிலும் அதனை எதிர்க்கும் உடலின் செயற்பாடே மிகுந்த சேதம் விளைவிக்கின்றது எனக் கருதப்படுகின்றது. புண் ஆறும்போது நார்த்திசு உருவாகிறது. குழாயின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் விரிந்த முனை மூடிக்கொண்டால் உள்ளே நீர் தேங்கி அது பை போல் வீங்கும். வெளிப்புறத்தில் குடல், சூலகம், கருப்பை ஆகியவற்றுக்கிடையே சிலந்திவலை போன்ற ஒட்டுத்திசுக்கள் தோன்றும். அழற்சி சில வேளைகளில் கல்லீரலின் மேலுறை வரை சென்று வலது விலாவின் கீழ் வலியை உண்டாக்கும். இதனைப் பித்தப்பை நோயென மயங்குவதும் உண்டு.

இவையெல்லாம் காய்ச்சலும் கடும் வலியும் இன்றியே நிகழக்கூடும். குழாய் அடைப்பினால் குழந்தையில்லாமல் மருத்துவரிடம் வரும் பெண்களில் பலர், தமக்கு இடுப்பு அழற்சி வந்ததாக ஒருபோதும் அறிந்திராதவர்கள்.

குழந்தைப்பேறின்மை

இந்நோயின் பின்விளைவுகளைப் பற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படும் பேராய்வு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் நடந்தது. லார்ஸ் வெஸ்ட்ரோம் என்பவரும் அவருடைய குழுவினரும், 1960 முதல் 1984 வரை வயிற்று உள்நோக்கிக் கருவியால் நோய் உறுதிசெய்யப்பட்ட 1,844 பெண்களைப் பின்தொடர்ந்தனர். அதே அறிகுறிகளுடன் வந்து நோயில்லை எனக் கண்டறியப்பட்ட 657 பெண்கள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டனர். முடிவுகள் 1992 இல் வெளியாயின. கருத்தரிக்க விரும்பியும் இயலாதவர்கள் முதற் குழுவில் 16 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 2.7 விழுக்காடு.

எத்தனை முறை நோய் வந்தது என்பதைப் பொறுத்து இவ்வாய்வின் எண்கள் விரைந்து ஏறுகின்றன. ஒருமுறை நோயுற்றவர்களில் குழாய்ப் பழுதினால் குழந்தைப்பேறிழந்தவர்கள் 8 விழுக்காடு. இருமுறை நோயுற்றவர்களில் அது 19.5 விழுக்காடாகவும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோயுற்றவர்களில் 40 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது ஒவ்வொரு மறுதொற்றும் பழுதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. முதல் முறை நோயுற்ற பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்து அவள் கணவனுக்குக் கொடாமல் விடுவதன் பொருள் என்னவென்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

காலத்தின் பங்கும் இதே ஆய்வின் தரவுகளிலிருந்து அறியப்பட்டது. 1993 இல் வெளியான பகுப்பாய்வின்படி, வலி தொடங்கி மூன்று நாட்களோ அதற்கு மேலோ தாமதித்து மருத்துவரிடம் வந்தவர்களில் 19.7 விழுக்காட்டினருக்குக் கருவளம் குன்றியிருந்தது. விரைந்து வந்தவர்களில் இது 8.3 விழுக்காடே.

செயற்கைமுறைக் கருத்தரிப்பு தோன்றியதே அடைபட்ட கருக்குழாய்களைத் தாண்டிச் செல்லும் வழியாகத்தான். 1978 சூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த முதற் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் பிறந்த குழந்தையின் தாய்க்கும் குழாய்ப் பழுது இருந்தது. தென்னிந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1990 இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. எனினும் இம்முறை பெருஞ்செலவு உடையது. நீர் தேங்கிய குழாயை அப்படியே விட்டுச் செய்தால் வெற்றிவாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதால், அக்குழாயை முதலில் அகற்ற வேண்டியும் வரும்.

கருக்குழாய்க் கர்ப்பம்

முழுவதும் அடைபட்ட குழாயைவிடப் பாதி அடைபட்ட குழாய் உயிருக்கு ஆபத்தானது. விந்தணுவின் தலை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவே என்பதால் அது குறுகிய வழியிலும் புகுந்துவிடும். கருவுற்ற முட்டை அதனினும் இருபது மடங்கு பெரியது. அதனைத் தள்ளிச்செல்லக் குற்றிழைகளும் இல்லாதபோது அது குழாயிலேயே தங்கி வளரத் தொடங்குகின்றது. லுண்ட் ஆய்வில் நோயுற்றிருந்தவர்களின் முதற் கர்ப்பங்களில் 9.1 விழுக்காடு இத்தகையவை. ஒப்பீட்டுக் குழுவில் 1.4 விழுக்காடு.

வளரும் கருவைத் தாங்க இயலாமல் குழாய் வெடிக்கும்போது வயிற்றினுள் குருதி பெருகும். மாதவிடாய் தள்ளிப்போன ஒரு பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்றில் திடீர் வலி, சிறிதளவு குருதிப்போக்கு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவை தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெளியே தெரியும் குருதிப்போக்கின் அளவைக் கொண்டு உள்ளிழப்பை மதிப்பிட இயலாது. முன்பு இடுப்பு அழற்சி வந்தவர்கள் கருத்தரித்தவுடனேயே ஸ்கேன் செய்து கரு கருப்பையினுள் உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றது.

நாட்பட்ட அடிவயிற்று வலி

ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட வலி எனப்படும். அமெரிக்காவில் 831 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இத்தகைய வலி எஞ்சியது. குழந்தைப்பேறின்மையைக் காட்டிலும் இது பரவலான விளைவு. ஆயினும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. உடலுறவின்போதும் மாதவிடாயின்போதும் வலி கூடும். ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒட்டுத்திசுக்களைத் தவிர, நீண்ட அழற்சியால் நரம்புகள் மிகையாகத் தூண்டப்படுவதும் இவ்வலிக்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. தொற்று ஒழிந்தபின் எஞ்சும் வலிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மீண்டும் மீண்டும் உண்பதால் பயனில்லை.

காசநோயும் கருக்குழாயும்

மேலை நாட்டு நூல்களில் சிறு குறிப்பாக முடிந்துவிடும் ஒரு காரணம் இந்தியாவில் தனித்து நோக்கத்தக்கது. நுரையீரலில் தொடங்கும் காசநோய்க் கிருமி குருதி வழியே கருக்குழாய்களை அடைந்து அங்கே ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கக்கூடும். இது மேலேறும் தொற்று அன்று. பாலுறவுடன் தொடர்பும் அற்றது. இனப்பெருக்க உறுப்புக் காசநோயில் ஏறத்தாழ எல்லாருக்கும் கருக்குழாய்கள் தாக்கப்படுகின்றன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கருப்பையின் உட்சுவரும் தாக்கப்படுகின்றது. உட்சுவர் வடுவானால் மாதவிடாய் குறைந்து நின்றுவிடும். அந்நிலையில் செயற்கைமுறைக் கருத்தரிப்பும் கைகொடுப்பதில்லை.

இதற்கான கூட்டு மருந்துகள் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் ஆறு மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. காசநோயாளரை வீட்டிலேயே வைத்து மருத்துவம் செய்ய இயலும் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது சென்னை ஆகும். 1956 இல் அங்குத் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டுச் சிகிச்சை காசநோய் விடுதிச் சிகிச்சைக்கு இணையானது என 1959 இல் காட்டியது.

லூப் பற்றிய அச்சம்

இந்தியாவில் 1965 இல் குடும்பநலத் திட்டத்தில் அறிமுகமான லூப்பும், பின்னர் வந்த காப்பர்-டியும் கருப்பையைக் கெடுக்கும் என்ற அச்சம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேரூன்றியுள்ளது. இவ்வச்சத்துக்கு உண்மையான பின்னணி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1971 முதல் 1974 வரை விற்கப்பட்ட டால்கன் ஷீல்டு என்னும் கருவி, அதன் பல இழைகள் கொண்ட நூல் வழியே கிருமிகள் மேலேறியதாகக் கண்டறியப்பட்டுக் கைவிடப்பட்டது. பிற கருவிகளின் நிலை வேறு. 22,908 பொருத்தல்களை ஆராய்ந்து உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வர்கள் 1992 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கருவி பொருத்திய முதல் 20 நாட்களில் மட்டுமே தொற்று வாய்ப்பு கூடியிருந்தது. அதன்பின் அது மிகக் குறைவாக இருந்தது. ஏற்கனவே கருப்பை வாயில் இருந்த கிருமிகள் பொருத்தும்போது உள்ளே தள்ளப்படுவதே காரணம். எனவே தவிர்க்க வேண்டியது கருவியை அன்று. தொற்று இருக்கும்போது அதனைப் பொருத்துவதை.

தமிழ்நாட்டில் நோய் மறைக்கப்படுதல்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 16 முதல் 22 வயது வரையுள்ள 451 மணமான சிற்றூர்ப் பெண்களை ஆராய்ந்து 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 53 விழுக்காட்டினர் அறிகுறிகள் இருப்பதாகக் கூறினர். 38 விழுக்காட்டினரிடம் ஆய்வகச் சோதனையில் இனப்பெருக்கத் தடத் தொற்று காணப்பட்டது. 14 விழுக்காட்டினருக்கு இடுப்பு அழற்சியோ கருப்பை வாய் அழற்சியோ இருந்தது. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையையும் நாடவில்லை. அருகில் பெண் மருத்துவர் இல்லாமை, மறைவிடமின்மை, தொலைவு, செலவு, இது இயல்பானதே என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் கூறிய காரணங்கள்.

ஆண் மருத்துவரை அனுமதிக்காத குடும்பங்களில் ஒரே இரவில் மூன்று பெண்கள் மகப்பேற்றில் இறந்ததைக் கண்டே ஐடா ஸ்கடர் மருத்துவம் பயின்று, 1900 இல் வேலூரில் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார் என்பது அக்கல்லூரியின் வரலாறு. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அதே கல்லூரியின் ஆய்விலும் பெண் மருத்துவர் இல்லாமை ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தொலைவும் கூலியிழப்பும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதற்குத் தென்காசி மாவட்டத்தின் கடையம் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இவ்வட்டாரத்தில் வயல்வேலையும் பீடி சுற்றுதலும் பெண்களின் முதன்மைத் தொழில்கள். பீடிக்கடையில் இலையும் தூளும் பெற்று வந்து, மடியில் சுளவை வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுற்றுவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. கடையத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையமும், பீடித் தொழிலாளர்களுக்கென முக்கூடலில் மருத்துவமனையும் உண்டு. மேற்சிகிச்சைக்கு அம்பாசமுத்திரம் அல்லது தென்காசிக்கும், அதற்கு அப்பால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்ல வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலி இல்லை. பீடி சுற்றுவது இடுப்பு அழற்சியை உண்டாக்குவதில்லை. ஆனால் நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருப்பவருக்கு இடுப்பு வலிப்பதற்கு ஆயத்தமான ஒரு விளக்கம் கையில் இருந்துவிடுகின்றது. உண்மையான காரணம் தேடப்படுவதில்லை.

வெள்ளைப்படுதல் உடற்சூட்டால் வருவது என்ற கருத்தும் தாமதத்துக்கு வழிவகுக்கின்றது. இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம் ஆகியவற்றால் தீங்கில்லை. தொற்று இருந்தால் அவற்றால் நீங்குவதும் இல்லை. மறுபுறம், வெள்ளைப்படுதல் எல்லாம் தொற்று அன்று. முட்டை வெளிப்படும் நாட்களில் தெளிந்த கசிவு இயல்பானது. கோவாவில் 2,494 பெண்களிடம் நடந்து 2005 இல் வெளியான ஆய்வில், இக்குறையைக் கூறியவர்களிடம் தொற்றைக் காட்டிலும் மனவுளைச்சலும் குடும்பச் சுமையும் மிகுதியாகத் தொடர்புற்றிருந்தன. நிறமாற்றம், தீநாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் குருதிப்போக்கு ஆகியவையே ஐயுற வேண்டியவை.

வெள்ளைப்படுதலையும் வலியையும் காரணங்காட்டி இளவயதிலேயே கருப்பையை அகற்றிவிடுவது இன்னொரு தீங்கு ஆகும். இது ஆந்திரப் பிரதேசம், தெலங்காணா மாநிலங்களில் மிகுதி. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க நடுவண் அரசு 2022 இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

நோயறிதலும் சிகிச்சையும்

அறிகுறிகளை மட்டும் கொண்டு இந்நோயை உறுதியாகக் கூற இயலாது. 1969 இல் சுவீடனில் உள்நோக்கியால் சோதிக்கப்பட்ட 814 பெண்களில், ஐயுற்றபடி நோய் இருந்தவர்கள் 65 விழுக்காட்டினரே. குடல்வால் அழற்சி, கருக்குழாய்க் கர்ப்பம், சூலகக் கட்டி முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதைப் போலவே தோன்றும். இருப்பினும் சோதனை முடிவுகளுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதே இன்றைய மருத்துவ நெறி. தேவையற்ற இரண்டு வார மருந்தால் வரும் இழப்பு சிறிது. காத்திருந்து குழாய் வடுவானால் அது மீளாது.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நோய்க்குறித் தொகுதிக்கேற்ப நிறமிட்ட மருந்துப் பெட்டிகளை இலவசமாக வழங்குகின்றது. இவற்றுள் ஆறாவதான மஞ்சள் நிறப் பெட்டி அடிவயிற்று வலிக்கு உரியது. செஃபிக்சிம் ஒரு வேளை, மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் ஆகியவை 14 நாட்கள் என்பது அதன் அளவு. கருவுற்ற பெண்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுவதில்லை. வலி இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடுவதால் பலர் மருந்தை இடையில் நிறுத்திவிடுகின்றனர். பதினான்கு நாட்களும் உண்ண வேண்டும்.

கருவுற்றிருத்தல், சீழ்க்கட்டி, கடும் காய்ச்சல், வாந்தியால் மருந்து தங்காமை ஆகிய நிலைகளில் மருத்துவமனையில் சேர்ப்பது தேவை. மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்துண்ணலாம். முன்னர்க் குறிப்பிட்ட 831 பெண்களின் ஆய்வில், மருத்துவமனையில் தங்கியவர்களும் வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவில் கருத்தரித்தனர்.

கணவனுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிடினும் அவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும். இருவர் சிகிச்சையும் முடியும்வரை உடலுறவைத் தவிர்த்தலும், அதன்பின் ஆணுறை பயன்படுத்துதலும் மறுதொற்றைத் தடுக்கும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இவற்றுக்கெனவே உருவாக்கப்பட்டுப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி எதுவும் இல்லை. கொனோரியா கிருமி பல மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவருவதால், மருந்துண்டும் மூன்று நாட்களில் வலி குறையாதவர்கள் மீண்டும் மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொள்ள வேண்டும்.